ஏணி வைத்த கட்டிலும் ஒப்பீட்டுக் குழுவும்

“கட்டில் வேணும்னு சொல்றீங்க, சரி. ஆனா உங்க பிரச்சினை கட்டில்தான்னு முடிவு பண்ணது யாரு?”

“நான்தான்.”

“ஆங்! அங்கதான் இடிக்குது.”

தலைவர் ஒபியோரா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பக்கத்தில் இருந்த மதிப்பீட்டுச் செயலாளர் நியோகாபி, ‘அங்கே இடிக்கிறது’ என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாள்.

எங்கே இடிக்கிறது என்று சிப்பேகோவுக்குப் புரியவில்லை. அவள் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். மூன்று தெரு தள்ளி இருக்கும் அடுக்குமாடியில், பதினோராவது மாடியில் ஹோடான் என்று ஒரு சோமாலிப் பெண்மணி இருக்கிறாள். மினியாபொலிஸ் குளிர் போதும் என்று வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு ஒஹாயோவுக்குப் போகிறாள். போகும்போது தன் பிள்ளைகள் படுத்த அடுக்குக் கட்டிலைச் சும்மாவே தருகிறேன் என்றாள். மேலே ஒரு படுக்கை, கீழே ஒரு படுக்கை, பக்கத்தில் ஏணி. வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவளுடைய லாரி கிளம்பும். அதற்குள் எடுக்காவிட்டால் கட்டில் குப்பைக்குப் போய்விடும். சனிக்கிழமை சாயங்காலம் சிப்பேகோவின் புருஷன் முலேயாவும் ஆறு வயது மகள் லுயாண்டோவும் சாம்பியாவின் லுசாகாவிலிருந்து வந்து இறங்குகிறார்கள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம்.

சிப்பேகோ இவ்வளவு நாளும் காற்றடைத்த மெத்தையில்தான் படுத்தாள். ராத்திரி மெத்தை மேல் படுத்து, காலையில் தரையில் எழுந்திருப்பாள். தனக்கென்றால் அது போதும். ஆனால் போனில் மகளிடம், “உனக்கு ஏணி வெச்ச கட்டில் இருக்கு” என்று வாயை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து தினமும் ஒரே விசாரணை: “ஏணியில எத்தனை படி அம்மா?” நாலு என்று அடித்துவிட்டிருந்தாள்.

ஆகவே அவளுக்குத் தேவைப்பட்டது இரண்டு ஜோடிக் கை, ஒரு மணி நேரம். அதைக் கேட்கத்தான் ஆப்பிரிக்க வளர்ச்சி மற்றும் புலம்பெயர்ந்தோர் நலனுக்கான முதுகலை ஆய்வு மாணவர் மன்றத்தின் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வந்தாள்.

மன்றத்தில் மொத்தம் பதினாலு பேர். அதில் பன்னிரண்டு பேர் பொறுப்பாளர்கள். பதவி இல்லாதவர்கள் இரண்டே பேர்: ஒன்று, மண்ணியல் படிக்கும் சிப்பேகோ. இன்னொருவன், எரித்திரியாவிலிருந்து வந்து வரலாறு படிக்கும் தெஸ்ஃபாலெம். ஆண்டறிக்கையில் ‘அடித்தட்டு மக்கள்’ என்று எங்கே வந்தாலும் அது இந்த இரண்டு பேரைத்தான் குறிக்கும்.

நாலு மணிக் கூட்டம் ஐந்தே காலுக்கு ஆரம்பித்தது. ஒபியோரா எழுந்தார். ஏழு வருஷமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர், அதில் ஐந்து வருஷம் தலைவர்.

“மாண்புமிகு முதலாம் துணைத் தலைவர் அவர்களே, இரண்டாம் துணைத் தலைவர் அவர்களே, தன் வருகையால் நம்மைப் பெருமைப்படுத்தியிருக்கும் பொருளாளர் அவர்களே... வரலையா? சரி, வராமலே நம்மைப் பெருமைப்படுத்தியிருக்கும் பொருளாளர் அவர்களே, முன்னாள் தலைவர்களே...” முன்னாள் தலைவர்கள் யாரும் கிடையாது, ஆனாலும் ஒரு நிமிஷம் நிறுத்தி அவர்களுக்குத் தலை வணங்கினார். “முறைமைகள் அனைத்தும் கடைப்பிடிக்கப்பட்டதாகக் கொள்ளவும்.”

இதற்குள் மேஜை மேலிருந்த சம்பூசா, அதாவது சோமாலிச் சமோசா, ஆறிவிட்டது.

“அறுபது வருஷமா ஒவ்வொருத்தனும் ஆப்பிரிக்காவுக்குப் போனான். கேட்டானா? கேட்கல. குடுத்தானா? குடுத்தான்! அந்தத் தப்பை நாம பண்ண மாட்டோம். நாம கேட்போம். கேட்டுக்கிட்டே இருப்போம். குடுக்கணுங்கிற அவசரம் நமக்குக் கிடையாது!”

கைதட்டல் அடங்குவதற்குள் புலம்பெயர்ந்தோர் பிரிவுச் செயலாளர் டெகாண்டீ எழுந்தாள். அப்பா அம்மா லைபீரியா, அவள் பிறந்தது இங்கேயே, பஸ்ஸில் இருபது நிமிஷம்.

“தலைவரே, இது எங்க பிரிவுக்கு வரணும். ஹோடான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாச்சு, அதனால புலம்பெயர்ந்தவங்க. சிப்பேகோ மாணவர் விசாவுல இருக்காங்க, அதனால ஆப்பிரிக்கா. புலம்பெயர்ந்தவங்க ஆப்பிரிக்காவுக்கு ஒரு பொருள் அனுப்புறாங்க. வளர்ச்சிப் பிரிவுக்கு இதுல என்ன வேலை?”

“அம்மா, மூணு தெருதானே?” என்றாள் சிப்பேகோ.

“தூரத்தைப் பார்க்காதீங்க. உறவைப் பாருங்க.”

வளர்ச்சிப் பிரிவுக்காரர்கள் விடவில்லை. கட்டில் என்பது உள்கட்டமைப்பு என்றார்கள். நாற்பது நிமிஷம் போனது. கடைசியில் இரண்டு பிரிவும் சேர்ந்த கூட்டுக்குழு ஒன்றை அமைத்தார்கள். அது கூடுவதற்கு ஒரு துணைக்குழு நாள் குறிக்கும்.

அப்போதுதான் தெஸ்ஃபாலெம் கையைத் தூக்கினான். “அதே வீட்டுல எனக்கும் ஒரு மேஜை தரேன்னு சொல்லியிருக்காங்க. மடியில வெச்சு எழுதி எழுதிக் கழுத்து போச்சு. யாராவது ஒரு கை பிடிச்சா...”

நியோகாபி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். “தலைவரே! ரெண்டு பேர் இருக்காங்க!”

“அதனால?”

“ஒப்பிடலாம்!”

மன்றத்தின் வரலாற்றில் இதுவரை இரண்டு ஏழைகள் ஒரே நேரத்தில் கிடைத்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை நியோகாபி நாற்பத்தாறு கேள்விகளோடு சிப்பேகோவின் அறைக்கு வந்தாள். பூட்ஸில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டாமல் ஆரம்பித்தாள்.

“குடிதண்ணி எங்கேர்ந்து எடுக்குறீங்க?”

“அதோ, குழாய்.”

“போயிட்டு வர எவ்வளவு நேரம்?”

“ரெண்டு எட்டு.”

“நிமிஷத்துல சொல்லுங்க. கட்டம் நிமிஷத்துக்குத்தான் இருக்கு.”

“பூஜ்யம்னு போட்டுக்க.”

“ஆடு எத்தனை?”

“நியோகாபி, நாம நாலாவது மாடியில இருக்கோம்.”

“ஆடு... இல்லை. மாடு?”

பிறகு ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தரையில் காய்ந்த பீன்ஸைக் கொட்டினாள். “இதை வெச்சு உங்க அறையோட வரைபடம் போடுங்க. உங்க வாழ்க்கைக்கு எந்த இடம் முக்கியமோ அங்க நிறைய பீன்ஸ்.”

சிப்பேகோ அத்தனை பீன்ஸையும் வாரி, ஜன்னல் ஓரத்தில் கட்டில் வரப்போகும் இடத்தில் ஒரே குவியலாக வைத்தாள்.

“அடுப்புப் பக்கம் ஒண்ணுகூட வைக்கலையே? பெண்கள் பொதுவா அங்க வைப்பாங்களே?”

“எனக்குக் கட்டில் வேணும்.”

நியோகாபி ‘விழிப்புணர்வு தேவை’ என்று எழுதிக்கொண்டாள்.

சிப்பேகோவுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் முகம் சூடானது வேறு காரணத்தால். மூன்று வருஷம் முன்னால், மண் ஆய்வுக்காகத் தன் நாட்டில் பெம்பா என்ற ஊரில் ஒரு விவசாயப் பெண்ணை இதே மாதிரி இரண்டு மணி நேரம் உட்கார வைத்திருந்தாள். இதே பீன்ஸ். எல்லாம் முடிந்ததும் அந்தப் பெண், “அப்ப கலப்பை என்னைக்கு வரும்?” என்று கேட்டாள். சிப்பேகோ சிரித்துவிட்டு, ‘பதிலளித்தவரின் எதிர்பார்ப்பு அதிகம்’ என்று எழுதிக்கொண்டு வண்டி ஏறினாள்.

புதன்கிழமை காலையில் குலுக்கல். ஒபியோரா தன் கம்பளிக் குல்லாயில் இரண்டு சீட்டைப் போட்டுக் குலுக்கினார். அதற்கு முன்னால் முறைமைகள் அனைத்தும் கடைப்பிடிக்கப்பட்டன. தெஸ்ஃபாலெம் எடுத்த சீட்டில் ‘உதவிக் குழு’ என்று இருந்தது. சிப்பேகோவின் சீட்டில் ‘ஒப்பீட்டுக் குழு’.

“அப்படின்னா என்ன?”

“அவருக்கு உதவி பண்ணுவோம். உங்களுக்குப் பண்ண மாட்டோம். கடைசியில ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வெச்சு வித்தியாசத்தை அளப்போம்,” என்றாள் நியோகாபி.

“சனிக்கிழமை என் பொண்ணு வரா.”

“அருமை! அதையும் அளக்கலாம்.”

“சரி, நீங்க தூக்க வேணாம். நான் வேற யாரையாவது பிடிச்சுக்கிறேன்.”

அறையில் ஒரே பதற்றம். இரண்டாம் துணைத் தலைவர் காபியைக் கொட்டிவிட்டார்.

“ஐயோ, அது கலப்படம்!” என்றார் ஒபியோரா. “சிப்பேகோ, உங்களுக்கு யாருமே உதவக் கூடாது. நீங்க ஒண்டியா நிக்கணும். உங்களை நம்பித்தான் இந்த ஆய்வே இருக்கு. உங்களுக்கு நாங்க எதுவும் செய்யாம இருக்கிறதுக்கு எவ்வளவு உழைப்பு போகுதுன்னு உங்களுக்குத் தெரியாது.”

அன்று சாயங்காலம் அவள் தெஸ்ஃபாலெமுக்குப் போன் பண்ணினாள். “உன் மேஜை வந்துடுச்சா?”

“இல்லக்கா. பயிற்சி வந்திருக்கு.”

“என்ன பயிற்சி?”

“பொருள் தூக்குறதுக்கு. ரெண்டு நாள் பயிற்சிய ஒரே நாள்ல சுருக்கிட்டாங்க. தூக்குறவன் நான் ஒருத்தன், கத்துக் குடுத்தவங்க ஒன்பது பேர். காலையில ‘சுமையும் அதிகாரமும்’னு உரை. மத்தியானம் செய்முறை.”

“எதைத் தூக்கின?”

“கற்பனை மேஜை. நான் ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கம். பாதியில அவருக்குப் போன் வந்துச்சு, விட்டுட்டுப் போயிட்டாரு.”

“கால்ல விழுந்துச்சா?”

“விழுந்திருக்கும். நான் ‘ஆ’ன்னு கத்தினேன். நல்லா பண்றேன்னு பாராட்டினாங்க. சான்றிதழ் குடுத்திருக்காங்கக்கா. சட்டையும் குடுத்திருக்காங்க, ‘என்னால் தூக்க முடியும்’னு நெஞ்சுல எழுதி.”

“நிஜ மேஜை?”

“அது ரெண்டாம் கட்டம். அடுத்த வருஷம்.”

வியாழக்கிழமை ஹோடானே வழி பண்ணினாள். அவள் தம்பி லீபான் டாக்சி ஓட்டுகிறவன், கதவளவு அகலம். விமான நிலையத்துக்குப் போகும் முன் அரை மணி நேரம் இருக்கிறது, கட்டிலை இறக்கிக் கொடுத்துவிடுகிறேன் என்று ஹோடான் வீட்டுக்கு வந்து சட்டைக் கையை மடித்தான். மடித்து முடிப்பதற்குள் வாசல் மணி அடித்தது. நியோகாபி.

“நீங்க உதவி பண்ணப் போறீங்களா?”

“ஆமா.”

“தாராளமா பண்ணுங்க, தடுக்க எனக்கு உரிமை இல்ல. ஆனா ஆய்வுல நுழையறதுக்கு முன்னாடி ஒப்புதல் படிவத்துல கையெழுத்து வேணும். ஆறு பக்கம்தான்.”

லீபான் நல்ல மனுஷன். கொடுத்த காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு ஒருமுறை பட்டிருக்கிறான். அதனால் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். நாலாவது பக்கத்தில், ‘உதவும் எண்ணம் உங்களுக்கு முதன்முதலில் எந்த வயதில் தோன்றியது?’ என்ற கேள்வியில் ரொம்ப நேரம் யோசித்தான். ஐந்தாவது பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தான்.

“அக்கா, வண்டிக்கு நேரமாச்சு,” என்று எழுந்து, சிப்பேகோவின் முகத்தைப் பார்க்காமல் லிஃப்ட் பக்கம் போய்விட்டான்.

ஹோடான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “யாரு தங்கச்சி இது? வீட்டுச் சொந்தக்காரன் அனுப்பின ஆளா?”

“எங்க மன்றம்.”

“ஏம்மா, இந்தக் கட்டிலைத் தூக்கினா உனக்கு என்ன கெட்டுப்போகுது?”

“தரவு கெட்டுப்போகும்.”

“என் அஞ்சு பிள்ளைங்க இதுல படுத்து வளர்ந்தாங்க. உன் தரவு எதுல படுக்குமோ தெரியல. போ, போயி வெளியில நில்லு, தரையெல்லாம் பனி.”

வெள்ளிக்கிழமை காலை. வெளியே மூக்கு விறைக்கிற குளிர். பத்து மணிக்கு சிப்பேகோ ஒரு திருப்புளியோடு தனியாகப் போனாள். கட்டிலின் திருகாணிகளைக் கழற்றக் கழற்ற விரல் மரத்தது. மேல் பலகையை ஒண்டியாகப் பிடிக்க முடியாமல் தோளில் தாங்கிக்கொண்டு நின்றபோது கதவு திறந்தது. பெரிய குளிர் கோட்டுக்கு மேலே ‘என்னால் தூக்க முடியும்’ சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு தெஸ்ஃபாலெம் நின்றான்.

“அக்கா, நான் பயிற்சி பெற்றவன்.”

“டேய், நீ உதவினா கலப்படம்டா.”

“நான் எங்க உதவ வந்தேன்? பயிற்சி மறந்துடக் கூடாதுன்னு வந்தேன். அந்தப் பக்கம் பிடிங்க.”

லிஃப்ட் இரண்டில் ஒன்றுதான் ஓடியது. ஹோடானின் பிள்ளைகள் விட்டுப்போன சிவப்பு பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில் மரச்சட்டங்களைக் கட்டி, பனி மேல் இழுத்துக்கொண்டு போனார்கள். மூன்று தெரு, மூன்று நடை. முதல் நடையில் சட்டங்கள், இரண்டாவதில் பலகைகள். ஒவ்வொரு தடவையும் சிப்பேகோவின் நாலு மாடி வேறு. மூன்றாவது நடையில் மெத்தை இரண்டையும் சறுக்குப் பலகை மேல் அடுக்கி, ஏணியைத் தெஸ்ஃபாலெம் தோளில் மாட்டிக்கொண்டான். தெருமுனையில் நியோகாபி குறிப்பேட்டோடு நின்றிருந்தாள். விரல் உறைந்ததாலோ என்னவோ, எழுதாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு இடத்தில் சறுக்குப் பலகை சரிந்து மெத்தை நழுவியபோது அவள் கை தானாக நீண்டது. உடனே பின்னால் இழுத்து, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஏணியை அறைச் சுவரில் சாய்த்தபோது மணி பன்னிரண்டு பத்து. அப்போதுதான் சிப்பேகோவுக்கு உறைத்தது.

“டேய், உன் மேஜை!”

“லாரி போயிருக்கும். மேஜையைத் தூக்கிக் குப்பையில போட்டிருப்பாங்க.”

“உனக்கு நேரம் தெரிஞ்சுதானே இருந்துச்சு? முதல்ல அதை எடுத்திருக்கலாமே?”

தெஸ்ஃபாலெம் கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். “என் ஆய்வுக் கட்டுரை நாளைக்கு விமானத்துல வரலையேக்கா.”

சனிக்கிழமை லுயாண்டோ ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோட்டு போட்டுக்கொண்டு, உருட்டிவிட்டால் உருளுகிற மாதிரி வந்து சேர்ந்தாள். முலேயா பெட்டிகளை வாசலிலேயே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்துக்கொண்டே நின்றான். பெண் அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள், கொஞ்சம் கூச்சம். அப்புறம் கட்டிலைப் பார்த்தாள். கூச்சம் போய்விட்டது.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அம்மா, நீ நாலுன்னு சொன்ன!”

“ஒண்ணு உனக்காக அதிகமா வாங்கினேன்டி.”

மேலே ஏறிப் படுத்தவள் பூட்ஸோடே தூங்கிப்போனாள்.

ஏப்ரலில் மன்றத்தின் ஆண்டு மாநாடு. பேராசிரியர்கள் வந்திருந்தார்கள், வேறு ஊர் மன்றங்களிலிருந்து தலைவர்கள் வந்திருந்தார்கள், எல்லாருடைய பெயரையும் சொல்லி முறைமை கடைப்பிடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. நியோகாபி திரையில் ஒரு வரைபடம் காட்டினாள். இரண்டே புள்ளி. நடுவில் ஒரு கோடு, செங்குத்தாக மேலே.

“உதவி பெற்றவர்: மேஜை, பூஜ்யம். உதவி பெறாதவர்: கட்டில், நூறு சதவீதம்.”

அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒபியோரா ஒலிபெருக்கியைப் பிடித்தார். கண்ணில் ஈரம்.

“அன்பர்களே, இந்தக் கட்டில் எப்படி வந்துச்சு? நாம எதுவும் செய்யாததால வந்துச்சு! இத்தனை வருஷமா நாம எதுவும் செய்யலன்னு சில பேர் குறை சொன்னாங்க. அது குறை இல்ல, அதுதான் நம்ம வழிமுறைன்னு இன்னைக்கு நிரூபணம் ஆகியிருக்கு. இவ்வளவு வலுவான செய்யாமையை இந்த ஒரு ஊருக்குள்ள பூட்டி வைக்க நமக்கு என்ன உரிமை? அடுத்த வருஷம் பன்னிரண்டு நாடுகளுக்கு இதைக் கொண்டு போறோம்!”

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிப்பேகோவும் எழுந்து நின்றாள், ஆனால் கையைத் தூக்கிக்கொண்டு.

“கட்டிலைத் தூக்கினது தெஸ்ஃபாலெம்.”

கைதட்டல் நின்றது. பேராசிரியர்கள் நியோகாபியைப் பார்த்தார்கள். நியோகாபி தன் காகிதத்தைப் பார்த்தாள்.

“அது கலப்படம்,” என்றாள் மெல்ல. “அவரை நீக்கிட்டுத்தான் கணக்கிட்டோம்.”

“பாருங்க!” என்றார் ஒபியோரா. “அவரை நீக்கின பிறகும் கட்டில் நிக்குது!”

முன்னைவிடப் பலமான கைதட்டல். பின்வரிசையிலிருந்து தெஸ்ஃபாலெம் கத்தினான்: “தலைவரே, அப்ப இந்த வருஷம் என்னை ஒப்பீட்டுக் குழுவுல போடுங்க! எனக்கு மேஜை வேணும்!” அவனுடைய உற்சாகத்தையும் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு சிப்பேகோவை மேடைக்கு அழைத்தார்கள். லுயாண்டோவும் கூடவே ஓடி வந்து மடியில் ஏறிக்கொண்டாள். நியோகாபி ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினாள். ஒரே ஒரு கேள்வி: ‘மன்றம் உங்களுக்குச் செய்யாத உதவியில் நீங்கள் எவ்வளவு திருப்தி அடைந்தீர்கள்? ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடுக.’

“அஞ்சு போட்டா என்ன ஆகும்?” என்று குனிந்து கேட்டாள் சிப்பேகோ.

“பன்னிரண்டு நாட்டுக்கும் போகும். முதல்ல சாம்பியா.”

“ஒண்ணு போட்டா?”

“நாங்க செய்யாம இருந்தது போதலன்னு அர்த்தம். இன்னும் தீவிரமா செய்யாம இருப்போம்.”

“எதுவும் போடாம விட்டா?”

“பதில் சொல்லாதவங்களை முழுத் திருப்தின்னு எடுத்துக்கிறது வழக்கம்.” நியோகாபி தலைவர் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நீங்களே ஏதாவது யோசிங்க சிப்பேகோ. எனக்கும் ஒண்ணும் தோணல,” என்றாள்.

டெகாண்டீ கேமராவைத் தூக்கிவிட்டாள். அரங்கமே காத்திருக்கிறது. லுயாண்டோ தாளை எட்டிப் பார்த்து, “அம்மா, எல்லாத்தையும் சுத்தி ஒரே பெரிய வட்டமா போடலாமா?” என்கிறாள். அது செல்லாத பதில் ஆகுமா, புதுக் கண்டுபிடிப்பு ஆகி இருபத்துநாலு நாட்டுக்குப் போகுமா, யாருக்குத் தெரியும்? பேனா மூடியைத் திறந்தாயிற்று. அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் எந்த எண்ணுக்கு வட்டம் போடுவீர்கள், கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்களேன்?